மகளின் அறைக்காகக் கொடுத்த 18,000 ரூபாய்: வண்ணம் பூச ஆள் அமர்த்துவோர் கவனத்திற்கு

மதுரையில் நாங்கள் குடியிருக்கும் வீட்டில், நான்கு வயது மகளுக்கென்று பத்துக்குப் பத்து அடி அறை ஒன்றை ஒதுக்கி, அதைச் சீர்செய்ய ஓராண்டாக 18,000 ரூபாய் சேர்த்திருந்தோம். அந்தப் பணம் முழுவதையும் ஒரு பெயிண்டிங் ஒப்பந்தக்காரரிடம் கொடுத்து ஏமாந்தோம். அவர் கையாண்ட முறைகள் வேறு வீடுகளிலும் நடக்கக்கூடியவை என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

நான்கு சுவர்களும் மேற்கூரையுமாக 460 சதுர அடிக்கு, பொருளும் கூலியும் சேர்த்துச் சதுர அடி 25 ரூபாய் வீதம், ஈரத்துணியால் துடைத்தாலும் போகாத எமல்ஷன் வண்ணம் அடிப்பதாகப் பேச்சு. கணவரும் நானும் வேலைக்குப் போய்விடுவோம். மாமியார் மட்டுமே வீட்டில் இருந்தார். பெயர்பெற்ற நிறுவனத்தின் வாளியைத்தான் கொண்டுவந்தார்கள், ஆனால் அது ஏற்கெனவே திறந்த வாளி. மூன்றாவது வாரத்தில், சுவரில் சாய்ந்து விளையாடிய குழந்தையின் சட்டையெல்லாம் இளஞ்சிவப்புத் தூள். ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தேன். வண்ணம் துணியோடு வந்துவிட்டது. எமல்ஷன் விலை வாங்கிக்கொண்டு, அந்த வாளியில் டிஸ்டெம்பர் என்ற மலிவான சுண்ணப் பூச்சைக் கரைத்து அடித்திருக்கிறார்கள் என்று, பிறகு பார்க்க வந்த வேறொரு பெயிண்டர் சொன்னார். சீல் பிரிக்காத வாளியை உங்கள் கண்ணெதிரே திறக்கச் சொல்லுங்கள்; கடை ரசீதையும் கேட்டு வாங்குங்கள்.

படுக்கைக்குப் பின்சுவரில் ஒட்டிய வால்பேப்பரிலும் கணக்கு ஏமாற்றுதான். சுருள் ஒன்று 45 சென்டிமீட்டர் அகலம், 10 மீட்டர் நீளம். பத்தடி உயரச் சுவருக்கு ஒரு சுருளில் மூன்று பட்டைகள் கிடைக்கும். பத்தடி அகலத்துக்கு ஏழு பட்டைகள் வேண்டும். ஆக மூன்று சுருள்கள் போதும். எங்களிடம் ஐந்து சுருளுக்கு, ஒன்று 900 ரூபாய் வீதம் 4,500 வாங்கினார்கள்.

அதைவிட என்னை வருத்தியது வேறு. அந்தச் சுவருக்கு மறுபுறம் குளியலறை இருப்பதால் அடியில் ஓதம் ஏறி, சுவரைச் சமன்செய்யப் பூசியிருந்த பட்டி உப்பியிருந்ததை ஒப்பந்தக்காரரிடம் நானே காட்டினேன். "பேப்பர் ஒட்டினா தெரியாதும்மா" என்றார். ஈரம் வெளியேற வழியில்லாமல் ஒரே மாதத்தில் பின்னால் கரும்பூஞ்சை படர்ந்தது. தூள் உதிரும் பூச்சின்மேல் பசையும் பிடிக்காமல் பட்டைகள் கழன்று தொங்கின. குழந்தைக்கு இரவு முழுவதும் இருமல். பூஞ்சை இருக்கும் அறையில் படுக்கவைக்க வேண்டாம் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கசிவை அடைத்து, சுவரை நன்றாக உலரவிட்ட பிறகே எதையும் பூசவோ ஒட்டவோ வேண்டும். அதற்குப் பணம் போதாவிட்டால் அலங்காரம் காத்திருக்கட்டும்.

மீதி 2,000 ரூபாய்க்கு ஜன்னல் கம்பிகளுக்கும் பழைய மரக்கட்டிலுக்கும் எனாமல் அடித்தார்கள். அந்த டப்பாவில் லேபிளே இல்லை என்பதை மாமியார் பிறகுதான் சொன்னார். இந்தியாவில் 2017 நவம்பர் முதல், வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி. அதை டப்பாவிலும் அச்சிட வேண்டும். எங்கள் மகள் கட்டில் சட்டத்தைக் கடிக்கும் வழக்கமுடையவள். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் என்பதால், அந்தக் கட்டிலை அன்றே வெளியேற்றிவிட்டோம். பெயிண்ட் காய்ந்த பிறகு அதில் ஈயம் இருக்கிறதா என்று வெறும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது; அடிப்பதற்கு முன்பே லேபிளைப் படிப்பதுதான் நம் கையில் இருக்கிறது.

நான்கு முறை அழைத்தும் அவர் வரவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகாரைப் பதிவு செய்திருக்கிறோம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். எங்களிடம் ஆதாரமாக இருப்பவை பணம் அனுப்பிய பதிவும், சுவரின் படங்களும் மட்டுமே. எந்தப் பெயிண்ட், எத்தனை பூச்சு என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்காமல் முன்பணம் கொடுத்தது எங்கள் தவறு. மகள் இப்போதும் எங்கள் அறையில்தான் படுக்கிறாள்.