போர்டுக்கு ஒரு வரி: ஆறு வருஷ சைனேஜ் பிஓக்யூ அனுபவம்

கட்டடங்களில் மாட்டும் அறிவிப்பு, வழிகாட்டிப் பலகைகளுக்கான சைனேஜ் பிஓக்யூவை, அதாவது எது எத்தனை வேண்டும் என்ற அளவுப் பட்டியலை, ஆறு வருஷமாக ஒரே எக்செல் ஷீட் முறையில்தான் போடுகிறேன். ஒரு போர்டுக்கு ஒரு வரி. எந்தத் தளம், எந்த இடம், என்ன வகை, என்ன வாசகம், எத்தனை முகம், எதன்மேல் மாட்டுவது என்று எல்லாம் அந்த வரியிலேயே இருக்கும். பிஓக்யூவில் போகும் எண்ணிக்கையை நான் கையால் அடிப்பதே இல்லை, வரிகளை வகைவாரியாகக் கூட்டித் தரும் எக்செலின் பிவட் டேபிள் எடுத்துக் கொடுத்துவிடும்.

அதற்கு முன்னால் எல்லாரையும் போல டிராயிங்கைப் பிரிண்ட் எடுத்து, ஹைலைட்டரால் புள்ளி வைத்துத்தான் எண்ணினேன். திசைகாட்டும் போர்டு 18 என்று முடித்திருப்பேன். ரிவிஷனில் ஒரு சுவர் நகரும், மறுபடி முதல் தளத்திலிருந்து எண்ண வேண்டும். இப்போது அந்த இடத்தின் வரிகளை மட்டும் திருத்தினால் வேலை முடிந்தது. ஷீட்டை முதலில் நிரப்ப இரண்டு நாள் கூடுதலாகப் போகும், மறுக்கவில்லை. இரண்டாவது ரிவிஷனிலேயே அந்த நேரம் திரும்பி வந்துவிடுகிறது.

‘முகம்’ என்ற காலம் (ஷீட்டின் நெடுவரிசை) அடிபட்டுச் சேர்த்தது. கூரையிலிருந்து தொங்கும் போர்டை எண்ணிக்கையில் ஒன்று என்று போட்டேன், இரு பக்கமும் எழுத்து வேண்டும் என்று எங்கும் எழுதவில்லை. வந்து மாட்டியதில் ஒரு பக்கம்தான் வினைல் எழுத்து. எதிர்த்திசையிலிருந்து வருபவருக்கு வெறும் அலுமினியத் தகடு தெரிந்தது. செய்தவரைக் குறை சொல்ல வழியில்லை.

அலகும் அப்படித்தான். அறைப் பலகைக்கு எண்ணிக்கை போதும், கண்ணாடி ஃபிலிமுக்குச் சதுர மீட்டர். முகப்பில் வரும் ஒளிரும் எழுத்துகளை மட்டும் ‘ஒரு செட்’ என்று விட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றை நினைத்து ரேட் போடுவார்கள். எழுத்தின் உயரம், எத்தனை எழுத்து, ஆழம், எல்இடிக்கு மின்சாரம் தரும் டிரைவர் பெட்டி எங்கே உட்காரும், அதுவரை வயர் இழுப்பது யார் என்று எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். விளக்குள்ள எக்ஸிட் போர்டுகளை எலக்ட்ரிக்கல் பிஓக்யூவோடு ஒப்பிடாமல் அனுப்புவதே இல்லை. இரண்டிலும் இருக்கும், சில சமயம் இரண்டிலுமே இருக்காது!

எக்செல்மேல் எனக்குத் தீராத கோபம் ஒன்று உண்டு. இரண்டாம் தளம், கிழக்குப் பிரிவு, பத்தாம் அறை என்பதற்கு நடுவில் ஆங்கில ‘ஈ’ போட்டு 2ஈ10 என்று அடித்தால், அதை 2-க்குப் பின்னால் பத்துப் பூஜ்யம் உள்ள எண்ணாக எடுத்துக்கொள்ளும். 3-12 என்று அடித்தால் தேதி. அறை எண் காலத்தை முதலிலேயே டெக்ஸ்ட் ஆக்காமல் ஒட்டினால், போர்டில் அச்சாகப் போகிற வாசகமே கெட்டுவிடும். பிறகு டெக்ஸ்டாக மாற்றினாலும் பழைய எண் திரும்பி வராது.

டிராயிங் போடும் மென்பொருளான ஆட்டோகேடிலிருந்து நேராகப் பட்டியல் எடுக்கலாமே என்பார்கள். போர்டுகளை அட்ரிபியூட் உள்ள பிளாக்காக, அதாவது விவரங்களையும் உள்ளேயே வைத்திருக்கும் ஒரே பொருளாக, வரைந்திருந்தால் டேட்டா எக்ஸ்ட்ராக்‌ஷன் அருமையாக வேலை செய்கிறது. எனக்கு வருவதில் பெரும்பாலும் வட்டமும் பக்கத்தில் தனி டெக்ஸ்டும்தான்.

மேசையில் உட்கார்ந்து நிரப்ப முடியாத ஒரே காலம் ‘எதன்மேல் மாட்டுவது’. அதற்கு இன்றும் சைட்டுக்குப் போகிறேன். டிராயிங்கில் பூச்சுச் சுவர், நேரில் கண்ணாடித் தடுப்பு. அப்படியானால் ஸ்க்ரூவை எடுத்துவிட்டு டேப் போட வேண்டும், அந்த டேப் பின்பக்கம் தெரியாமல் இருக்க அதே அளவில் வெற்றுத் தகடு இன்னொன்று. ஷீட்டில் ஒரு வரி கூடும்.