ஆறு ஆண்டுப் பழைய கிரெடிட் கார்டு பாக்கி: அதை வாங்கிய நிறுவனத்தின் சேவை எப்படி இருந்தது?

காவேரிப்பட்டணத்தில் உள்ள எங்கள் வீட்டிற்கு 2025ஆம் ஆண்டு மாங்காய்ப் பருவத்தில் ஒரு பதிவுத் தபால் வந்தது. ஓசூர் சிப்காட்டில் வேலை பார்த்த காலத்தில் நான் வாங்கிய கிரெடிட் கார்டின் பாக்கியை வங்கி தங்களுக்கு விற்றுவிட்டதாகவும், 1,36,400 ரூபாயை 15 நாட்களுக்குள் செலுத்த வேண்டும் என்றும், நான் பெயர்கூடக் கேள்விப்பட்டிராத ஒரு நிறுவனம் அதில் எழுதியிருந்தது. அப்பாவின் இருதய சிகிச்சையால் 2019 ஆகஸ்டுக்குப் பிறகு என்னால் கட்ட முடியாமல் போனபோது பாக்கி 48,000 ரூபாய்க்கும் குறைவு. கையெழுத்துப் போட்டுத் தபாலை வாங்கிய அம்மா, போலீஸ் கேஸ் ஆகிவிட்டதோ என்று அன்றிரவு முழுவதும் தூங்கவில்லை.

இப்படிக் கடனை விலைக்கு வாங்குவது சட்டப்படியான தொழில்தான். 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டத்தின்கீழ் ரிசர்வ் வங்கியில் பதிவு பெற்ற சொத்து மறுசீரமைப்பு நிறுவனங்கள் வங்கிகளின் வாராக்கடன்களை வாங்கலாம்; அவற்றின் பட்டியல் ரிசர்வ் வங்கியின் இணையதளத்திலேயே இருக்கிறது. எனக்குக் கடிதம் அனுப்பிய நிறுவனத்தின் பெயர் அதில் இருந்ததால், மோசடி இல்லை என்ற அளவில் நிம்மதி கிடைத்தது.

ஆனால் அவர்கள் அமர்த்தியிருந்த வசூல் முகவரின் நடத்தையை என்னால் மன்னிக்க முடியவில்லை. காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் கடன்தாரரை அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டிலேயே உத்தரவிட்டிருக்க, இவர் இரவு 8.40க்கு அழைத்தார், நான் எடுக்காதபோது, எதிர்வீட்டு அக்காவின் எண்ணை எங்கிருந்தோ பிடித்து, என் கடனைப் பற்றி அவரிடம் பேசினார். பிறகு, "சார், ரெண்டாயிரம் டோக்கன் போடுங்க, கேஸை நிறுத்தி வைக்கிறேன்" என்று தன் சொந்த யுபிஐ எண்ணையும், நான் கையெழுத்திட வேண்டிய ஒரு கடிதத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார்.

அந்தக் கடிதத்தை அச்செடுத்துக்கொண்டு, மாமாவுக்குத் தெரிந்த வழக்கறிஞரைக் கிருஷ்ணகிரியில் பார்த்தேன். "மேற்கண்ட தொகையை முழுமையாக ஒப்புக்கொண்டு, தவணைகளில் செலுத்த உறுதியளிக்கிறேன்" என்ற வரியின்கீழ் அவர் பென்சிலால் கோடிட்டார். "தம்பி, இதுல கையெழுத்துப் போட்டா, செத்த கடனுக்கு நீயே உயிர் கொடுத்த மாதிரி" என்றார். 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி இத்தகைய பாக்கிக்கு 3 ஆண்டுகளுக்குள் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர வேண்டும். கொரோனாவை முன்னிட்டு 15.03.2020 முதல் 28.02.2022 வரையிலான நாட்களை உச்ச நீதிமன்றம் விலக்கியிருந்ததால் அதையும் கழித்துப் பார்த்தார், அப்படியும் 2024 ஆகஸ்டோடு என் கணக்கில் கெடு முடிந்திருந்தது. ஆயினும், காலாவதியான கடனைச் செலுத்துவதாக எழுத்தில் கையெழுத்திட்டு வாக்களித்தால், ஒப்பந்தச் சட்டத்தின் 25(3) பிரிவுப்படி அது புதிய ஒப்பந்தமாகிவிடும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். அவசரத்தில் கைபேசியிலேயே கையெழுத்திட இருந்தவன் நான்.

கெடு முடிந்தாலும் பாக்கி பாக்கிதான். வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்ற எண்ணம் எனக்கு எப்போதும் இருந்தது. வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கும்போது வங்கிகள் பார்க்கும் கடன் அறிக்கையில் அந்தப் பதிவும் நிற்கும். ஆகவே, நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை என்ற வாசகத்துடன், வங்கியிடமிருந்து உரிமை மாறியதற்கான ஆவணத்தையும், அசலையும் வட்டியையும் தனித்தனியாகக் காட்டும் கணக்கையும் கேட்டு, முகவர் மீதான புகாரையும் சேர்த்து, நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினேன்.

அதன்பிறகு கிடைத்த சேவை உண்மையிலேயே நன்றாக இருந்தது. ஒன்பதாம் நாள் பதில் வந்தது. முகவரின் அழைப்புகள் அதோடு நின்றன. கணக்கைப் பார்த்தால், 88,000 ரூபாய்க்கு மேல் வட்டியும் தாமதக் கட்டணமும்தான். இரண்டு கடிதப் போக்குவரத்துகளில் 55,000 ரூபாய்க்கு இறங்கி வந்தார்கள். இது முழுமையான, இறுதியான தீர்வு என்று முத்திரையிட்ட கடிதம் கைக்கு வந்த பிறகே, நிறுவனத்தின் வங்கிக் கணக்கிற்கு நேரடியாகப் பணம் அனுப்பினேன். குறைத்துக் கட்டுவதால் கடன் அறிக்கையில் 'குளோஸ்டு' (முழுதாகக் கட்டி முடித்தது) என்று வராது, 'செட்டில்டு' (குறைத்துக் கட்டித் தீர்த்தது) என்றே வரும் என்பதை அந்தக் கடிதத்திலேயே அவர்கள் மறைக்காமல் எழுதியிருந்ததை நான் மதிக்கிறேன்.

தடையில்லாச் சான்று 26 நாள் கழித்து வந்தது. அதில் கார்டின் கடைசி நான்கு எண்கள் தவறாக இருந்தன. திருப்பி அனுப்பியபோது ஆறு நாளில் திருத்தித் தந்தார்கள். அடுத்த மாதக் கடன் அறிக்கையில் நிலுவை என்ற இடத்தில் பூஜ்ஜியம் இருந்தது. அதை அச்செடுத்து அம்மாவிடம் காட்டினேன். அவர் அதைப் பழைய பதிவுத் தபாலோடு சேர்த்துப் பீரோவில் வைத்திருக்கிறார்.