ஆடியோ ஏறமாட்டேன் என்கிறதா? வி.எல்.சி, ஆடாசிட்டி, எஃப்எஃப்எம்பெக்: எது எதற்கு

ரங்கூனில் கோயில் விழா, கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர்களுக்கு ஆடியோ ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. பீலிக்கான் கோயில் தீமிதியைப் போனில் பதிவு செய்தவர் எம்4ஏ கோப்பு தருவார். மைக் செட்காரர் பென்டிரைவில் வேவ் (சுருக்காத ஒலிக்கோப்பு) தருவார். மோல்மேனில் இருக்கிற மாமா வாழ்த்துரையை டெலிகிராமில் குரல் பதிவாகத் தட்டிவிடுவார். எல்லாவற்றையும் எடிட்டரின் டைம்லைனில் இழுத்துப் போட்டால் ஒன்று ஏறும், ஒன்று 'இந்த வகை கோப்பு ஆகாது' என்று திரும்பும், இன்னொன்று ஏறிவிட்டுச் சத்தமில்லாமல் கிடக்கும்.

கேட்டால் பாதிப் பேர் "சாஃப்ட்வேரை மாத்துங்க அண்ணே" என்பார்கள். அதில் விஷயம் இல்லாமல் இல்லை. டெலிகிராம் குரல் பதிவு ஓபஸ் என்ற சுருக்கிய ஒலி வகை. பிரீமியர் என்ற எடிட்டர் அதை நேரடியாக எடுத்துக்கொள்ளாது. கேடென்லைவ், ஷாட்கட் என்ற இலவச எடிட்டர்கள் எடுத்துக்கொள்ளும். டாவின்சி ரிசால்வ் எடிட்டரின் இலவசப் பதிப்பை லினக்ஸில் போட்டால், போன் பதிவுகளில் வரும் ஏஏசி வகை ஒலி வராது. அதே இலவசப் பதிப்பு விண்டோஸில் பேசும். ஆனாலும் பாதி முடிந்த வேலையைத் தூக்கிக்கொண்டு புது மென்பொருளுக்குக் குடிபோவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆடியோவை முன்கூட்டியே 48,000 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 48,000 ஒலி மாதிரிகள்), 16 பிட் வேவாக மாற்றிவிட்டால் எந்த எடிட்டரும் முகம் சுளிக்காது. எதை வைத்து மாற்றுவது என்பதில்தான் போட்டி. வி.எல்.சி, ஆடாசிட்டி, எஃப்எஃப்எம்பெக், மூன்றுமே காசில்லாமல் கிடைப்பவை.

வி.எல்.சி அநேகமாக ஏற்கெனவே உங்கள் கணினியில் இருக்கும். அதன் பெரிய உபயோகம் மாற்றுவதைவிட நோய் கண்டுபிடிப்பதில். கோப்பை ஓட்டிவிட்டு கன்ட்ரோலும் ஜே-வும் சேர்த்து அழுத்துங்கள். உள்ளே இருப்பது ஓபஸா, ஏஏசியா, எத்தனை ஹெர்ட்ஸ் என்று காட்டும். பெயரில் எம்பி3 என்று இருக்கும், உள்ளே ஏஏசி இருக்கும். யாரோ வால் பெயரை (புள்ளிக்குப் பின் வருவதை) மட்டும் மாற்றி அனுப்பியிருப்பார்கள். பெயரை மாற்றினால் உள்ளிருப்பது மாறாது. மாற்றும் வேலைக்கு மீடியா மெனுவில் 'கன்வர்ட்' இருக்கிறது. அங்கே வேவுக்கு உள்ள 'சிடி' அமைப்பு 44,100-இல் நிற்கும், பக்கத்து ஸ்பேனர் படத்தைத் தட்டி 48,000 ஆக்க வேண்டும். மாற்றம் கெட்டுப்போனால் ஏன் என்று அது விளக்கமாகச் சொல்லாது. சில சமயம் வெறும் கோப்பு ஒன்றை வைத்துவிட்டுப் போய்விடும். ஒன்றிரண்டு கோப்புக்குச் சரி, அதற்கு மேல் வேண்டாம்.

ஆடாசிட்டியில் கண்ணால் பார்க்கலாம், காதால் கேட்கலாம். மாமா பேசும் முன் இருமிய இருமலை வெட்டலாம், சத்தத்தைத் தூக்கலாம். விண்டோஸில் எம்4ஏ திறக்க எஃப்எஃப்எம்பெக் நூலகத்தைத் தனியாகப் போட வேண்டும், அது ஒரு சின்ன எரிச்சல். ஏற்றுமதி செய்யும்போது '16 பிட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்; '32 பிட் ஃப்ளோட்' போட்டால் சில பழைய எடிட்டர்கள் மறுபடி முரண்டு பிடிக்கும்.

ஆனால் இந்த ஊரில் ஆடாசிட்டிக்கு வேறொரு மதிப்பு உண்டு. நாதஸ்வரம் உச்சத்தில் இருக்கும்போது கரண்டு போகும். மின்சாரத்தில் ஓடும் ரெக்கார்டர் வேவின் தலைப்பை (நீளம் முதலிய விவரம் இருக்கும் முன்பகுதியை) எழுதி முடிக்காமல் அணைந்துவிடும். கோப்பு 500 எம்பி இருக்கும், எடிட்டரோ 0 வினாடி என்று காட்டும். ஆடாசிட்டியில் 'இம்போர்ட்' மெனுவில் 'ரா டேட்டா' என்று ஒன்று இருக்கிறது. அதில் 16 பிட், லிட்டில் எண்டியன், ஸ்டீரியோ, ரெக்கார்டரில் வைத்திருந்த ஹெர்ட்ஸ் (பெரும்பாலும் 48,000 அல்லது 44,100) கொடுத்தால், தொடக்கத்தில் ஒரு 'டக்' சத்தத்தோடு முழுக் கச்சேரியும் வந்து நிற்கும். அந்த 'டக்'கை வெட்டினால் முடிந்தது. ஹெர்ட்ஸைத் தப்பாகக் கொடுத்தால் நாதஸ்வரம் சுருதி மாறி ஒலிக்கும், அதை வைத்தே சரிபார்த்துக்கொள்ளலாம்.

எஃப்எஃப்எம்பெக் கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டச்சு செய்து ஓட்ட வேண்டிய ஆசாமி. பார்த்தாலே பலர் ஓடுவார்கள். வி.எல்.சியும் கேடென்லைவும் ஷாட்கட்டும் உள்ளுக்குள் இதன் நூலகத்தைத்தான் நம்பியிருக்கின்றன. உள்ளே போகும் கோப்பின் பெயர், 48000, வெளியே வரும் பெயர், அவ்வளவுதான் கட்டளை. ஒரு ஃபோல்டர் முழுக்கக் குரல் பதிவு இருந்தால் ஒரே வரியில் மாற்றிவிடும். கரண்டு இருக்கும் நேரத்துக்குள் வேலையை முடிக்க இதை அடிக்க ஆளில்லை. பர்மிய எழுத்திலும் இடைவெளியோடும் இருக்கும் பெயர்களை முதலில் 01, 02 என்று மாற்றிக்கொண்டால் தட்டச்சில் விரல் நோகாது. வட்டில் இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள்: ஸ்டீரியோ வேவ் நிமிடத்துக்குச் சுமார் 11.5 எம்பி, ஒரு மணி நேரத்துக்கு 700 எம்பிக்குக் கொஞ்சம் குறைவு.

பழைய போனின் ஏஎம்ஆர் (பேச்சுக்கான ஒலி வகை) பதிவு 8,000 ஹெர்ட்ஸ்தான். மாற்றினால் ஏறும், தரம் உயராது.

எஃப்எஃப்எம்பெக்கின் பெரிய பலம், தோற்றால் காரணத்தைச் சொல்லிவிடும். எம்4ஏவைக் கொடுத்ததும் 'மூவ் ஆட்டம் நாட் ஃபவுண்ட்' என்று வந்தால், கோப்பின் உள்ளடக்க அட்டவணையே எழுதப்படவில்லை என்று அர்த்தம். பாதி இறங்கிய கோப்பிலும், பதிவு நடுவில் அறுந்த கோப்பிலும் இது வரும். அப்போது மூன்றில் எதைத் தட்டினாலும் பயனில்லை. மாமாவுக்கு போன் போட்டு மறுபடி அனுப்பச் சொல்லுங்கள்.