சின்ன தொழிலுக்கு நெட் லைன் தேடுறீங்களா? நாலு விதமான கனெக்ஷன் வச்சு ஓட்டின அனுபவம்

டிஎஸ்எல் (டெலிபோன் வயர்ல வர்றது), கேபிள் (டிவி கேபிள்ல வர்றது), டவர்ல இருந்து வர்ற வயர்லெஸ், இப்போ ஃபைபர்னு எல்லாத்துலயும் தொழில் நடத்தியாச்சு. பில்லிங், கார்டு மெஷின், சிசிடிவி, கிளவுட் பேக்கப், கஸ்டமரோட வீடியோ கால் எல்லாம் ஒரே லைன்ல ஓடுது, அது போச்சுன்னா வேலையே நின்னுடும். அதனால சொல்றேன், விளம்பரத்துல போடுற ஸ்பீடு அப்புறம்தான், லைன் கட் ஆனா யாரு வருவாங்க எவ்ளோ நேரத்துல வருவாங்கங்கறதுதான் முதல்ல பாக்கணும்.

இதை வெப்சைட்ல தேடி கண்டுபிடிக்க முடியாது. ஏரியால கவரேஜ் இருக்குன்னு மேப் காட்டும், ஆனா உங்க பில்டிங்குக்கு கேபிள் வந்திருக்காது. அதே பில்டிங்ல, அதே தெருவுல தொழில் பண்றவங்ககிட்ட நேர்ல போய் கேளுங்க, யாரோட லைன் வச்சிருக்கீங்க, மழை பேஞ்சா எப்படி, கூட்டமான நேரத்துல இழுக்குதா, கடைசியா கட் ஆனப்போ எப்போ சரி பண்ணாங்கன்னு. பெரிய கம்பெனி ஒண்ணுல கம்ப்ளைன்ட் போட்டா ஆளே வராம சரியாயிடுச்சுன்னு டிக்கெட்டை, அதாவது கம்ப்ளைன்ட் பதிவை, மூடிட்டாங்க, பக்கத்துலயே இருக்குற சின்ன ஆபரேட்டரோட லைன்மேன் போன் பண்ணா அன்னிக்கே வந்து நிக்கிறார். எல்லா இடத்துலயும் இப்படித்தான்னு சொல்லல, ஆனா கேக்காம முடிவு பண்ணாதீங்க.

ஃபைபர் கிடைச்சா ஃபைபர்தான். பெரும்பாலும் ஜிபான் (GPON)ங்கற முறைல வரும், செகண்டுக்கு டவுன்லோடு சுமார் 2.5 ஜிகாபிட், அப்லோடு சுமார் 1.25 ஜிகாபிட், இதை 32 பேர் இல்ல 64 பேர் வரைக்கும் பிரிச்சு தருவாங்க. அதனால எத்தனை பேரோட ஷேர் பண்றோம்னு கேக்குறது நியாயமான கேள்விதான். டிஎஸ்எல், கேபிள் ரெண்டுலயும் அப்லோடு ரொம்ப கம்மி, சிசிடிவியும் பேக்கப்பும் மேல போறப்போ அப்லோடு நிறைஞ்சு, டவுன்லோடு டெஸ்ட் நல்லா காட்டினாலும் வீடியோ கால் திக்கும்.

வெளிய இருந்து கேமரா பாக்கணும், ஆபீஸ் சர்வருக்குள்ள வரணும்னா ஸ்டாட்டிக் ஐபி (மாறாத நெட் முகவரி) தருவாங்களான்னு முன்னாடியே கேட்டுடுங்க. ரவுட்டர்ல வேன் (WAN) ஐபி, அதாவது கம்பெனி உங்க லைனுக்கு தர்ற முகவரி, 100.64ல இருந்து 100.127 வரைக்கும் ஏதாவது ஒண்ணுல ஆரம்பிச்சா அது நிறைய பேருக்கு பொதுவான ஐபிக்கு பின்னாடி இருக்குன்னு அர்த்தம், வெளிய இருந்து கேமராவுக்கோ சர்வருக்கோ வழி விடுற போர்ட் ஃபார்வர்டிங் வேலை செய்யாது.

அடுத்தது பேக்கப் லைன், இது ரொம்ப முக்கியம். ரெண்டு கம்பெனில ரெண்டு ஃபைபர் வாங்கினா போதும்னு நெனைப்பாங்க, ஆனா ரெண்டும் ஒரே கம்பத்துலயோ ஒரே குழிலயோ வந்தா ஒரே ஜேசிபி ரெண்டையும் அறுத்துடும். ரெண்டாவது லைன் வேற வழில வரணும். நான் வச்சிருக்குறது ரெண்டு நெட் லைன் எடுத்துக்குற ட்யூயல் வேன் ரவுட்டர்ல 4ஜி சிம், ஃபைபர் போனா தானா மாறிக்கும். எந்த சிம்னு முடிவு பண்ண ரவுட்டர் வைக்கிற அதே இடத்துல போன்ல போட்டு பாருங்க. கேபிளும் டவரும் இல்லாத இடம்னா சாட்டிலைட், அதுலயும் பூமிக்கு மேல சுமார் 550 கிலோமீட்டர்ல சுத்துறது ஓகே, 35,786 கிலோமீட்டர்ல இருக்குறதுல போய் வரவே அரை செகண்டுக்கு மேல ஆகும், பேசுறதுக்கு கஷ்டம்.

கரண்ட் போனாலும் ஃபைபர் லைன் பொதுவா உயிரோடதான் இருக்கும், நடுவுல ஒரு ஃபைபரை பல பேருக்கு பிரிக்கிற ஸ்ப்ளிட்டருக்கு கரண்டே வேணாம். ஃபைபர் பாக்ஸுக்கும் ரவுட்டருக்கும் ஒரு மினி யுபிஎஸ் போடுங்க, அடாப்டர்ல இருக்குற வோல்ட்டும் ஆம்பியரும் பாத்து வாங்குங்க.

பிசினஸ் பிளான்ல 99.9 சதவீதம் ஓடும்னு எழுதி தந்தா மாசத்துக்கு சுமார் 43 நிமிஷம் லைன் இல்லாம போகலாம்னு அர்த்தம், வெறும் 99ன்னா 7 மணி நேரத்துக்கு மேல. தாண்டினா என்ன தருவாங்கன்னும் எழுதி வாங்குங்க. வருஷ பிளான் கட்டாம முதல்ல மாசக் கணக்குல எடுத்து, பிசியான நேரத்துல வைஃபைல இல்லாம லேன் வயர்லயே டெஸ்ட் பண்ணுங்க, அது வரைக்கும் பழைய லைனை கேன்சல் பண்ணாம கூடவே ஓட விடுங்க.