திருகோணமலையில் பிஎம்எக்ஸ் சைக்கிளை வேலைக்குக் கொடுக்கப் போகிறவர்களுக்கு

டவுனுக்குள் இருக்கும் ஒரு சைக்கிள் கடையில் என் பிஎம்எக்ஸை, மண்ணில் ஓடவும் பாயவும் செய்த சின்னச் சில்லுச் சைக்கிளை, திருத்த வேலைக்குக் கொடுத்தேன். 46,000 ரூபா போனது. என்னுடைய அசல் பின்சில்லு போனது. இடது மணிக்கட்டில் மூன்று கிழமை கட்டோடு இருந்தேன். கடையின் பெயரை எழுதப் போவதில்லை. இதே வேலையை வேறு கடையிலும் செய்ய முடியும் என்பதால், எப்படிச் செய்தார்கள் என்பதைத்தான் முழுதாகச் சொல்லப் போகிறேன்.

சைக்கிள் யப்பானில் இருந்து ரீகண்டிஷன் சாமானோடு வந்தது. 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற நாட்களில் வாங்கினேன். அப்போது பெரிய சைக்கிள் எங்கேயும் எடுக்க ஏலாது. 20 அங்குலச் சில்லோடு நின்ற இதை மட்டும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வேலைக்குப் போய்வரத்தான் எடுத்தேன். ஓட ஓடத்தான் கையில் என்ன வந்திருக்கிறது என்று தெரிந்தது. சட்டகம் முழுக்க 4130 குரோமோலி. குரோமியமும் மொலிப்டினமும் கலந்த உருக்கு அது, குழாயை மெல்லியதாக இழுத்தாலும் பலம் குறையாது. பின்சில்லின் நடுவில் கசற் ஹப் (செயின் பிடிக்கிற பல்லுச்சக்கரம் ஹப்போடு சேர்ந்தே இருக்கும் வகை), 14 மில்லிமீற்றர் அக்சில், அதாவது சில்லின் அச்சு, 9 பல்லு. முன்னால், பெடல் பக்கத்துச் சக்கரத்தில், 25 பல்லு. 25க்கு 9 என்ற இந்தக் கணக்கை மறந்துவிடாதீர்கள், பின்னால் தேவைப்படும்.

பின்னேரங்களில் உட்துறைமுக வீதிப் பக்கம் ஏழெட்டுப் பேர் சேருவோம். கிண்ணியாவில் இருந்து பாலம் தாண்டி வருகிற பெடியன்கள், சீனக்குடாப் பக்கத்தில் இருந்து வருகிற ஒரு சிங்களத் தம்பி, மட்டிக்களியில் இருந்து இரண்டு பேர், நான். எங்களுக்குப் பாய்கிற ரம்ப் (சாய்தளம்) என்றால் ஒரு பலகையும் இரண்டு கல்லும்தான். ஒருவனுக்கு பன்னி ஹொப் (சைக்கிளோடு சேர்த்துத் துள்ளுவது) வராவிட்டால் வரும்வரைக்கும் மற்றவர்கள் போகமாட்டார்கள். ஞாயிறு விடியக்காலையில் டச்சுக் குடாக் கடற்கரை வழியாகக் கோட்டை வாசல் வரைக்கும் போவோம். மான் குறுக்கே வந்தால் இறங்கி நிற்போம். இருபத்தெட்டு வயதில் எனக்கு இதைவிடச் சந்தோஷமான நேரம் கிழமையில் வேறு இல்லை.

ஆனால் பெரிய ஆட்களுக்கு இது சின்னப்பிள்ளைச் சைக்கிள். 1970களின் தொடக்கத்தில் தெற்குக் கலிபோர்னியாவில், மோட்டோகிராஸ் ஓட்டக்காரர்களைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் தங்கள் சைக்கிளை மண்ணில் ஓட்டித் தொடங்கியது என்பது உண்மைதான். பிறகு 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கிலேயே பிஎம்எக்ஸ் ஓட்டப்போட்டி வந்துவிட்டது. பிறகு டோக்கியோவில் வித்தை காட்டும் ஃப்ரீஸ்டைலும் வந்தது. இருந்தும் கடைக்குக் கொண்டுபோனால், "மகனுக்கா தம்பி?" என்றுதான் கேட்பார்கள். அந்தக் கேள்வியைக் கேட்டவரிடமே நான் சைக்கிளை விட்டுவிட்டு வந்தேன்.

கொடுத்த வேலை நான்கு. பின் ஹப்பில் பெயரிங் தேய்ந்து சில்லு பக்கவாட்டில் ஆடியது, அதை மாற்ற வேண்டும். முன்சில்லைப் பிடிக்கிற போர்க் துருப்பிடித்திருந்தது, புதுக் குரோமோலி போர்க் வேண்டும். கிராங் (பெடலைத் தாங்கும் தண்டு) பெயரிங் மாற்ற வேண்டும். எல்லாம் முடிய சட்டகத்துக்கும் ரிம்முக்கும் கறுப்புப் பெயின்ற்.

கடைக்காரர் மரியாதையாகத்தான் கதைத்தார். போர்க்கைக் காட்டும்போது மேசை லாச்சியில் இருந்து ஒரு காந்தத்தை எடுத்து ஒட்டிக் காட்டினார். "பாருங்க தம்பி, எப்படிப் பிடிக்குது. அசல் குரோமோலி." எனக்கு அப்போது இது தெரியாது, நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள்: காந்தம் சாதாரண உருக்கிலும் ஒட்டும், குரோமோலியிலும் ஒட்டும், அலுமினியத்தில் ஒட்டாது. காந்தம் காட்டி குரோமோலி என்று சொல்கிறவரிடம் அதற்குமேல் நிற்கத் தேவையில்லை.

ஐந்து நாள் என்றார், பதினெட்டு நாள் ஆனது. இடையில் ஒருநாள் தொலைபேசியில், "இந்த ஹப்புக்குப் பெயரிங் இலங்கையிலேயே எடுக்கேலாது. வேற ஒண்டு பார்த்துச் செய்யிறன்" என்றார். வேற ஒன்று என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. வேறு பெயரிங் என்று நினைத்தேன்.

எடுக்கப் போனது இரவு ஏழரைக்கு, வேலை முடிந்து. கடையின் இரும்புக் கதவு பாதி இறக்கியிருந்தது. என் பழைய ரயர்தான் போட்டிருந்தது, ரிம் கறுப்பு, ஹப் கறுப்பு, எல்லாம் புதுப் பெயின்ற் வாசத்தோடு பளபளவென்று நின்றது. கணக்கை ஒரு கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதித் தந்தார். கடைப் பெயர் இல்லை, திகதி இல்லை, "வீல் வேலை", "போர்க்", "பெயின்ற்" என்று மூன்று வரியும் கீழே கூட்டுத்தொகையும் மட்டும். பழைய சாமான்களைக் கேட்டேன். "அதெல்லாம் பழைய இரும்புக்காரன் கொண்டு போயிட்டான்."

வீட்டுக்கு ஓட்டி வரும்போதே ஏதோ பிழை என்று காலுக்குத் தெரிந்தது. எவ்வளவு மிதித்தாலும் பெடல் காற்றாடி மாதிரிச் சுற்றுகிறது, சைக்கிள் நகருவதாக இல்லை. கடைக்காரருக்கு எடுத்துச் சொன்னேன். புதுச் செயின், பழகச் சரியாகும் என்றார். செயின் பழகிச் சைக்கிள் வேகமாகாது. முன்னால் 25, பின்னால் 9 என்றால் பெடல் ஒரு சுற்றுக்குச் சில்லு ஏறக்குறைய 2.8 சுற்றுச் சுற்றும். பின்னால் 16 பல்லு ஃப்ரீவீல், அதாவது சாதாரணச் சைக்கிளில் ஹப்பில் திருகிப் பூட்டும் பல்லுச்சக்கரம், போட்டால் 1.6 சுற்றுக்கூட வராது. என் காலுக்குப் பட்டது இந்த வித்தியாசம்தான். அன்றைக்கே பின்பல்லை எண்ணியிருந்தால் மிச்சம் எதுவும் நடந்திருக்காது.

மூன்றாம் நாள் பின்னேரம் வழமையான இடத்தில் ஒரு சின்னத் திண்டுக்கு மேலால் பாய்ந்து இறங்கினேன். பெரிய உயரம் எல்லாம் இல்லை, முழங்காலுக்கும் கீழே. இறங்கி ஒரு மிதி மிதித்ததும் பின்சில்லு இடப்பக்கம் சரிந்து, ரயர் சட்டகத்தில் போய் இறுகியது. நான் கையூன்றி விழுந்தேன்.

பெடியன்கள் ஓடிவந்து தூக்கினார்கள். ஒருவன் என் பையில் இருந்து 17ஆம் நம்பர் ஸ்பானரை எடுத்து நட்டில் போட்டான். அது பிடிக்கவில்லை, நட்டைச் சுற்றி லொடலொடவென்று ஆடியது. பிறகு அவனுடைய 15ஐப் போட்டான், கச்சிதமாகப் பிடித்தது. அந்த இடத்திலேயே எல்லோருக்கும் விளங்கிவிட்டது. என்னுடைய 14 மில்லிமீற்றர் அக்சிலுக்கு 17 நட்டு. 15 நட்டு என்றால் சாதாரணச் சைக்கிளில் வருகிற 10 மில்லிமீற்றர் அளவு அக்சில். கழற்றிப் பார்த்தோம். சட்டகத்தில் 14க்கு வெட்டிய பிளவுக்குள் 10 அக்சிலை வைத்து, இடைவெளியை மறைக்க இரண்டு பக்கமும் வாசரை அடுக்கி இறுக்கியிருந்தார்கள். அக்சில் வளைந்திருந்தது. ஹப்புக்குள் சீல் பண்ணிய பெயரிங்கும் இல்லை, தனித்தனிக் குண்டுகள்தான். பெயரிங் மாற்றக் கொடுத்த சில்லு முழுதாகவே மாறியிருந்தது. ரிம்முக்கும் பெயின்ற் அடிக்கச் சொன்னது நான்தான். அது அவருக்கு நல்ல வசதியாகப் போய்விட்டது.

போர்க்கைப் பற்றிச் சந்தேகம் வந்தது அதற்குப் பிறகுதான். மச்சான் அதைக் கழற்றி, திருக்கடலூரில் மீன் நிறுக்கிற ஒருவரின் தொங்குதராசில் கொழுவினான். ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கூட. குரோமோலிப் போர்க் ஒரு கிலோ அளவில்தான் நிற்கும், நூறு கிராம் அங்கே இங்கே இருக்கலாம். 4130 என்று ஒட்டியிருந்த ஸ்டிக்கர் நகத்தால் சுரண்ட உரிந்து வந்தது. கிராங் வேலையிலும் இரண்டு பெயரிங்குக்கும் நடுவில் இருக்க வேண்டிய குழாயைப் போடாமல் இறுக்கியதால் புதுப் பெயரிங் கரகரத்தது. அதை விடுங்கள், சில்லு விசயத்தோடு பார்த்தால் சின்னது.

கையில் கட்டோடு கடைக்குப் போனேன். "நீங்க பாய்ஞ்சு விழுந்ததுக்கு நான் என்ன செய்ய? இது ஓடுற சைக்கிள், பாயிற சைக்கிள் இல்ல" என்றார். என் சில்லு எங்கே என்று கேட்டேன். நீங்கள்தானே மாற்றச் சொன்னது என்றார். கடைசியில் 6,000 ரூபாவை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழைத்தேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, பொருள் வாங்கி அல்லது வேலை செய்வித்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும். நாங்கள் கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டுத் தரவும் வேண்டும். என்னிடம் இருந்தது கடைப் பெயரில்லாத கலண்டர் தாள். அதில் என் கையெழுத்தும் இல்லை, அவருடையதும் இல்லை. அதையும் தராசின் படத்தையும் வைத்து எழுதிக் கொடுத்திருக்கிறேன். சைக்கிளைக் கொடுக்கிற நேரத்திலேயே, கடைப் பெயர் உள்ள தாளில், எந்தச் சாமான் உள்ளே போகிறது, எது வெளியே வருகிறது என்று எழுதி வாங்கியிருந்தால் என் முறைப்பாடு இரண்டு மடங்கு பலமாக இருந்திருக்கும். முகம் முறிக்கக் கூடாது என்று நினைத்து விட்டுவிட்டேன். நீங்கள் விடாதீர்கள்.

கொடுப்பதற்கு முதல் படம் எடுங்கள். முழுச் சைக்கிளையும் தூரத்தில் நின்று எடுத்த அழகுப் படம் உதவாது. ஹப்பின் எழுத்து, பின்பல்லு, அக்சில் முனை, கிராங்கின் பக்கம் என்று கிட்டவைத்து எடுக்க வேண்டும். பல்லை எண்ணி எழுதுங்கள். மீன்காரரின் தராசென்றாலும் பரவாயில்லை, நிறுத்துக் கொள்ளுங்கள். பழைய சாமான் உடைந்ததாக இருந்தாலும் திருப்பித் தர வேண்டும் என்று முதலிலேயே சொல்லுங்கள். எடுக்கிற அன்று பகல் வெளிச்சத்தில் போய், உங்கள் ஸ்பானரை நீங்களே நட்டில் போட்டுப் பாருங்கள்.

சின்ன வேலைகளுக்குக் கடைக்கே போகத் தேவையில்லை என்பதையும் இப்போதுதான் உணர்கிறேன். நம்முடைய ஊரின் உப்புக்காற்றுக்குச் செயினைக் கிழமைக்கு ஒருதரம் துணியால் துடைத்து எண்ணெய் விட்டால் பாதித் துரு வராது. செயின் நடுவில் விரலால் தூக்க ஒரு சென்ரிமீற்றர் அளவு அசைந்தால் காணும். ஹாண்டிலைப் பிடிக்கிற ஸ்டெம்மின் போல்ட்டைக் கழற்றி கிறீஸ் தடவிப் போட்டால் பிறகு இறுகி உடையாது. போடும்போது முதலில் மேல் போல்ட்டால் ஆட்டத்தை எடுத்துவிட்டுத்தான் பக்கத்து இரண்டையும் மாறிமாறி இறுக்க வேண்டும். இவ்வளவுக்கும் ஒரு அலன் கீ செற்றும் இரண்டு ஸ்பானரும் போதும்.

இனிச் சில்லுக்கு வருகிறேன். கட்டு அவிழ்த்த பிறகு ஒரு சனிக்கிழமை, ஆலங்கேணியில் இருந்து ஒரு புதுப் பெடியன் எங்களோடு ஓட வந்தான். பதினைந்து வயது இருக்கும். அவன் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் செயின் போட்டுக்கொண்டிருந்தபோது பின்சில்லு மெதுவாகச் சுற்றியது. வெள்ளிக் கம்பிகளுக்கு நடுவில் ஒரேயொரு கறுப்புக் கம்பி. போன வருடம் ஒரு கம்பி உடைந்தபோது அதே நிறத்தில் கிடைக்காமல், நான் என் கையால் போட்ட கம்பி அது. ஹப்பின் எழுத்தையும் பார்த்தேன். 9 பல்லு. என்னுடையதுதான்.

எங்கே எடுத்தாய் தம்பி என்று கேட்டேன். அதே கடைதான். 18,000 கொடுத்திருக்கிறான், தகப்பன் கடலுக்குப் போய் வந்த காசு. அவனிடம் நான் என்னத்தைக் கேட்பது? விசயத்தை மட்டும் சொன்னேன். அவன் முகம் கறுத்துவிட்டது, கழற்றித் தரட்டுமா அண்ணா என்றான். வேண்டாம் என்றேன்.

"ஆனா அண்ணா, இது ஆடுது" என்றான். பிடித்து அசைத்துப் பார்த்தேன். நான் கொடுத்தபோது ஆடிய அதே ஆட்டம். பெயரிங்கைக்கூட மாற்றாமல் விற்றிருக்கிறார். அங்கேயே கழற்றினோம். தேய்ந்திருந்த பெயரிங்கின் ஓரத்தைத் துடைக்க 6902 என்ற இலக்கம் தெரிந்தது. உள்விட்டம் 15, வெளிவிட்டம் 28, அகலம் 7 மில்லிமீற்றர். சைக்கிளுக்கென்று தனியாகச் செய்ததல்ல, எந்த இயந்திரத்திலும் வருகிற அளவு. திங்கட்கிழமை மோட்டர் சைக்கிள் சாமான் விற்கிற ஒரு கடையில் இலக்கத்தைச் சொன்னேன். கடைக்காரர் எழும்பக்கூட இல்லை, பின்னால் இருந்த பெட்டிக்குள் கைவிட்டு இரண்டை எடுத்து வைத்தார். இரண்டும் சேர்த்து 1,100 ரூபா, பற்றுச்சீட்டோடு. அன்று பின்னேரமே கடற்கரைத் திண்டில் இருந்து அவனும் நானுமாக மாற்றினோம். இப்போது ஆடவில்லை.