டர்பனில் ‘நாட்டு சேஜ்வுட்’ என்று தலையில் கட்டப்படும் சீனச் செடி: பணம் எடுக்கும் முன் இலையைத் திருப்பிப் பாருங்கள்

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் வீடு வீடாகப் பக்கியில் (பின்பக்கம் திறந்த சிறு லாரி) செடி கொண்டுவந்து விற்பவரிடம் ஒருவர் வாங்கியது: ‘இந்த நாட்டு சேஜ்வுட், பட்டாம்பூச்சி மொய்க்கும்’ என்று ஆறு செடி, ஒன்று 180 ராண்ட். கூடவே லேபிள் இல்லாத பாட்டிலில் ‘பூ டானிக்’, 120 ராண்ட். ஒரு சின்னப் பை எல்.ஏ.என். (சுண்ணாம்பு கலந்த அம்மோனியம் நைட்ரேட்) உரம் இலவசம். ஆக மொத்தம் 1,200 ராண்ட், ரசீது கிடையாது. கையில் வந்தது என்னவென்றால், ஆறில் நான்கு சீனத்து பட்லியா டேவிடீ, மீதி இரண்டு வேரே விடாத வெறும் குச்சி. கேட்டதோ பட்லியா சால்விஃபோலியா, அதாவது அசல் நாட்டு சேஜ்வுட். ஆள் இப்போது போனை எடுப்பதில்லை.

பட்லியாதானே, எதுவாக இருந்தால் என்ன என்று விட முடியாது. டேவிடீ தென்னாப்பிரிக்காவின் ஆக்கிரமிப்புச் செடிப் பட்டியலில் மூன்றாம் வகை. 2004-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தின் கீழ் 2020-இல் வந்த விதிகள்படி அதை விற்கக் கூடாது, பதியம் போடக் கூடாது, புதிதாக நடவும் கூடாது. ஏற்கெனவே தோட்டத்தில் நிற்பது நிற்கலாம், ஆனால் ஆற்றோரமாக இருந்தால் அந்தச் சலுகையும் கிடையாது, அகற்றியே ஆக வேண்டும். சாட்ஸ்வொர்த்தே உம்லதுசானா, உம்லாஸ் என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவில்தான் கிடக்கிறது. பின்வேலிக்கு அப்பால் ஓடை ஓடும் வீடுகள் எத்தனையோ. வீட்டை விற்கும்போது மனையில் பட்டியலிட்ட செடி இருந்தால் வாங்குபவருக்கு எழுத்தில் சொல்ல வேண்டும் என்றும் அதே விதிகளில் இருக்கிறது. 180 ராண்டுக்கு வாங்கிய செடி விற்பனைப் பத்திரம் வரை கூடவே வரும்.

அடையாளம் காண இலை போதும். சால்விஃபோலியா இலையைக் கையில் எடுத்தால் முதலில் தெரிவது சுருக்கம்: நரம்புகளுக்கு இடையே தோல் புடைத்து, கழுவி உலர்த்திய பருத்தித் துணி மாதிரி இருக்கும். நிறம் சாம்பல் கலந்த பச்சை. காம்பு இல்லை என்றே சொல்லலாம்; இலையின் அடி இதய வடிவில் விரிந்து தண்டை அணைத்து உட்கார்ந்திருக்கும். திருப்பினால் அடிப்பக்கம் வெண்மையாகவோ லேசான பழுப்பாகவோ மென்பஞ்சு, அதில் வலை பின்னியதுபோல நரம்பு. டேவிடீ இலை நீண்டு ஈட்டிபோல் கூராகும். மேல்பக்கம் கரும்பச்சை, ஏறக்குறைய வழவழப்பு. விளிம்பில் நுண்ணிய பல் வெட்டு. அடி குறுகிச் சிறு காம்பாக முடியும். அடிப்பக்க வெள்ளை இரண்டிலும் உண்டு, அதை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். ‘பூவுக்கு நடுவில் ஆரஞ்சுப் புள்ளி இருக்கிறதே, அதுதான் நாட்டுச் செடி’ என்று விற்பவர் சொன்னது சுத்தப் பொய். ஆரஞ்சு இரண்டிலுமே வரும். பூக்கும் காலம் நம்பகமானது: நாட்டுச் செடி ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை, டேவிடீ கோடையில். டிசம்பரில் நீண்ட ஊதாக் கதிர் தொங்கினால் சந்தேகமே வேண்டாம்.

மஞ்சள், ஆரஞ்சு பட்லியா என்று கொண்டுவந்தால் அது பெரும்பாலும் மடகாஸ்கர் இனம். அதுவும் அதே மூன்றாம் வகை. அதன் ஊதாப் பழத்தைப் பறவை தின்று ஊரெங்கும் விதைக்கும்.

குச்சி மோசடிக்கு வருவோம். ஒரு வருடச் செடி என்று 20 செ.மீ. பையில் தருவார்கள். தண்டைப் பிடித்து மெதுவாக மேலே இழுங்கள். வேர்விட்ட செடி என்றால் மண்ணும் பையும் சேர்ந்து எழும்பும். குச்சி மட்டும் வழுக்கிக்கொண்டு வந்தால் அது போன வாரம் செருகியது. வெட்டிய கிளையில் இருக்கும் ஈரத்திலேயே பட்லியா இரண்டு வாரம் பச்சையாக நிற்கும், அதனால்தான் இந்த வேலை இதில் சுலபம். பையின் அடியையும் பாருங்கள்: வேர் ஓட்டையில் எட்டிப் பார்த்தால் நல்லது, வட்டமாகச் சுற்றிக் கயிறாகியிருந்தால் அதுவும் வேண்டாம். ‘ஒரே செடியில் மூன்று நிறம்’ என்பது ஒரே தொட்டியில் மூன்று செடி; வலுத்தது மற்ற இரண்டையும் அமுக்கிவிடும். இணையத்தில் வரும் நீல பட்லியா விதைப் பொட்டலத்தில் மிளகு அளவு விதை இருந்தால் சிரித்துவிட்டு மூடிவிடுங்கள். பட்லியா விதை தூசி மாதிரி இருக்கும்.

இதைவிடக் கெடுதல், செடியோடு சேர்த்துக் கொடுத்த யோசனைகள். ‘ஆகஸ்டில் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுங்கள், அப்போதுதான் பூக்கும்’ என்றார். டேவிடீக்கு அது சரி, அது அந்த வருடத்துப் புதுத் தளிரில் பூப்பது. சால்விஃபோலியா முந்தைய பருவத்துக் கிளை நுனியில் பூக்கும், மொட்டுக் கொத்தை ஆகஸ்டுக்குள் கட்டி முடித்திருக்கும். அப்போது வெட்டினால் அந்த வருடத்துப் பூ மொத்தமும் குப்பைக்குப் போகும். ஏற்கெனவே அசல் செடி வைத்திருந்து, ‘வருடா வருடம் வெட்டுகிறேன், பூக்கவே மாட்டேன் என்கிறது’ என்பவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பூ உதிர்ந்ததும், அக்டோபர் கடைசி முதல் நவம்பருக்குள், மூன்றில் ஒரு பங்கு வெட்டுங்கள். ஜனவரிக்குப் பிறகு கத்தரி வேண்டாம்.

அந்த இலவச எல்.ஏ.என். 28 சதவீதம் நைட்ரஜன்; பாஸ்பரஸ் இல்லை, பொட்டாஷ் இல்லை. போட்டால் இலை தளதளவென்று வரும், பூ வராது, தளிர் மென்மையாகி அசுவினி ஏறும். இந்தச் செடிக்கு வெட்டிய பிறகு இரண்டு விரல் கனம் கம்போஸ்ட் போதும். உரம்தான் வேண்டும் என்றால் 3:1:5 (நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாஷ் விகிதம்), சதுர மீட்டருக்கு 30 கிராம், வருடத்தில் ஒரு தடவை. ‘டானிக்’ பாட்டிலில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இங்கே விற்கும் உரமோ பூச்சிமருந்தோ, லேபிளில் 1947-இன் 36-ஆம் சட்டப்படி பதிவெண் இருக்க வேண்டும். எண் இல்லாவிட்டால் வாங்காதீர்கள்.

இலை மேலே ஊசி குத்தியதுபோல வெளிறிய புள்ளி வந்தால் அதற்கும் டானிக் என்று சொல்வார்கள். வெள்ளைத் தாளை இலைக்கடியில் பிடித்துத் தட்டுங்கள். விழுந்த புள்ளிகள் நகர்ந்தால் செஞ்சிலந்தி. வறண்ட காலத்தில் சுவரோரச் செடிக்குத்தான் அதிகம் வரும். ஹோஸ் தண்ணீரை இலையின் அடிப்பக்கம் பாய்ச்சி மூன்று நாளுக்கொரு தடவையாக நாலைந்து முறை அடித்தால் அடங்கும். பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்து அடித்தால் சிலந்தியைத் தின்னும் பூச்சிகள் முதலில் சாகும், சிலந்தி இன்னும் பெருகும், வந்த பட்டாம்பூச்சியும் போகும். பட்டாம்பூச்சிக்காக வைத்த செடிக்குப் பூச்சிமருந்து கேட்பவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். எலுமிச்சை இலையில் பறவை எச்சம் மாதிரி ஒட்டியிருக்கும் புழுவையும் நசுக்காதீர்கள்; அதுதான் பிறகு இந்தப் பூவுக்கு வரும் கறுப்பு மஞ்சள் பட்டாம்பூச்சி.

அசல் செடி கிடைத்தால் நடுவது எளிது. ஆறு மணி நேரமாவது வெயில், சுவரிலிருந்து இரண்டரை மீட்டர் தள்ளி. குழி பையைவிட இரண்டு மடங்கு அகலம், ஆழம் பை அளவே. டர்பனின் ‘பெரியா’ மேட்டுச் சிவப்பு மணலில் தோண்டிய மண்ணோடு மூன்றில் ஒரு பங்கு கம்போஸ்ட் கலக்கவும். மாரிட்ஸ்பர்க் பக்கக் களிமண் என்றால் 20 செ.மீ. மேடு கட்டி அதன்மேல் நடவும், இல்லாவிட்டால் கோடை மழையில் வேர் அழுகும். மண் ஈரமாக இருக்கும்போதே செடி வாடினால் அந்த அழுகல்தான், இன்னும் தண்ணீர் ஊற்றாதீர்கள். முதல் இரண்டு மாதம் வாரம் இரு தடவை பத்து லிட்டர், பிறகு மழையே பார்த்துக்கொள்ளும்.

டேவிடீ ஏற்கெனவே நட்டாயிற்று என்றால் கதிர் காயும் முன் வெட்டி, கட்டிய பையில் போடுங்கள். சின்னதாக இருந்தால் அடிக்கட்டையோடு தோண்டி எடுக்கலாம். பெரியதை அடியில் வெட்டியவுடனேயே வெட்டு முகத்தில் கிளைஃபோசேட் களைக்கொல்லி தடவ வேண்டும், நாளை என்று விட்டால் உறிஞ்சாது. ஓடைக்கரையில் மருந்தே வேண்டாம், தோண்டுவது ஒன்றே வழி. வெட்டிய கிளையை ஈர மண்மேல் போடாதீர்கள், அது வேர்விடும்.

பணம் திரும்புமா? 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தொழிலாக விற்பவர் பழுதான பொருளை ஆறு மாதத்துக்குள் திரும்ப எடுத்துக்கொண்டு மாற்றியோ பணத்தையோ தர வேண்டும். ஆனால் யாரிடம் கேட்பது? பேரம் பேசுவதற்கு முன் பக்கியின் நம்பர் பிளேட்டைப் போட்டோ எடுங்கள், பணத்தை இ.எஃப்.டி.யில் (வங்கி மின்பரிமாற்றம்) அனுப்பி ‘ஆறு சால்விஃபோலியா’ என்று குறிப்பெழுதுங்கள், அதையே வாட்ஸாப்பில் அவரிடமும் எழுதி வாங்குங்கள். இலையின் இரண்டு பக்கத்தையும் கணுவையும் எடுத்த படம் ஐ-நேச்சுரலிஸ்ட் என்ற செடி, உயிரின அடையாளத் தளத்தில் போட்டால் பெயர் சொல்ல ஆள் இருக்கிறார்கள். அந்தப் பதில் வரும்வரை செடியைப் பையிலேயே நிழலில் வையுங்கள், மண்ணில் இறக்க வேண்டாம்.