ஹட்டனில் தைத்த கான்வாஸ் உறை, கந்தப்பளைக் குளிரில் மூன்று மாதம்

காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகும், உள்ளே படுத்துத் தூங்கலாம், அதுதான் எங்கள் கேம்பர் டிரெயிலர், 14 அடி. ஏப்ரல் சீசனிலும் ஆகஸ்ட் விடுமுறையிலும் ஓடும், டிசம்பர் பிறந்தால் நுவரெலியாவுக்குப் பக்கத்துக் கந்தப்பளையில் அம்மா வீட்டு முற்றத்தில் நின்றுவிடும். முந்தின வருஷம் நீலப் பிளாஸ்டிக் படங்கைப் போட்டு இறுக்கிக் கட்டி வைத்தோம். பெப்ரவரி கடைசியில் திறந்தால் மெத்தையின் அடியெல்லாம் கறுப்புப் பூஞ்சணம், அலுமாரிப் பலகை ஊதிப் போயிருந்தது, அம்மா தைத்துப் போட்ட திரைச்சீலைகளை எரிக்க வேண்டியதாகிவிட்டது. மெத்தையைவிட அதுதான் வலித்தது.

அதனால் இந்த முறை ஹட்டனில் லொறிப் படங்கு தைக்கிற ஒரு சின்னக் கடையில் பருத்திக் கான்வாஸ் உறை தைத்தேன். 52,000 ரூபாய். காசு பெரிதுதான், ஆனாலும் தாராளமாகச் சொல்வேன், தைத்துக் கொள்ளுங்கள்.

காரணம் இதுதான். கனடாவில் இருக்கும் மச்சான், குழாயில் தண்ணீர் உறைந்து 9 சதவீதம் பெருத்து வெடித்துவிடும், எல்லாவற்றையும் வடித்துவிட்டு உறையாத திரவம் ஊற்று என்றார். அங்கே அது சரி. 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிற நுவரெலியாப் பக்கம் ஜனவரியில் வானம் தெளிந்த விடியல்களில் புல்லில் வெள்ளையாகப் பனி படிந்து கொழுந்து கருகும், ஆனால் குழாய் வெடித்து நான் பார்த்ததில்லை. (நாற்றம் வராமலிருக்கத் தண்ணீரை வடிப்பது மட்டும் இங்கேயும் வேண்டும்.) இங்கே டிரெயிலரைத் தின்பது ஈரம்தான். தெளிந்த இரவில் கூரைத் தகடு சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும், பிளாஸ்டிக்குக்குள் அடைபட்ட ஈரக்காற்று அதில் பட்டுத் தண்ணீராகி வடியும், பகலிலும் வெளியே போக வழி இருக்காது. பருத்தி கான்வாஸ் அந்த ஈரத்தை வெளியே விடும்.

கடைக்கார அண்ணன் அளவை வாங்கியதும் முதலில் கேட்டது, "தம்பி, கூரைக்கும் துணிக்கும் நடுவுல காத்து போக வழி இருக்கா?" என்றுதான். கூரையின் நடுவில் மூங்கில் ஒன்றை நீளவாட்டில் தூக்கிக் கட்டச் சொன்னார், பக்கத்துக்கு இரண்டாக மடிப்பு மூடி வைத்த காற்றுவழியும் தைத்தார். இந்தக் கடையின் மதிப்பு எனக்கு அந்தக் கேள்வியில்தான்.

குறைகளும் உண்டு. சொன்ன நாளைவிட 12 நாள் பிந்தித்தான் கையில் கிடைத்தது. முதல் மழையிலேயே மேல் தையல் வழியாக ஒழுகியது. நைலோன் நூலால் தைத்திருந்தார், பருத்தி நூல்தான் நனைந்ததும் ஊதி ஊசித் துளையை அடைக்கும். அன்றைக்கு மெழுகுதிரியைத் தையலில் அழுத்தித் தேய்த்துச் சமாளித்தேன், அப்புறம் போனில் சொன்னதும் மறுபேச்சில்லாமல் பருத்தி நூலில் திரும்பத் தைத்துத் தந்தார், காசு வாங்கவில்லை. காற்றுவழியில் வலை வைக்கவில்லை, தோட்டத்து எலிகளுக்கு அது வாசற்கதவு மாதிரி, நானே கம்பி வலை வாங்கித் தைத்தேன். நனைந்தால் ஒரு ஆளால் தூக்க முடியாது. ஈரத்தோடு மடித்து வைக்கவே கூடாது, துணியே பூஞ்சணம் பிடிக்கும்.

உறை மட்டும் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மெத்தையை நிமிர்த்தி வைத்தேன், பிரிஜ் கதவைத் துணி செருகித் திறந்தே விட்டேன். பற்றரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்து மாதம் ஒருமுறை சார்ஜ் ஏற்றினேன், 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது என்று அர்த்தம். கைப்பிரேக்கைப் போட்டபடி மாதக்கணக்கில் விட்டால் துருப்பிடித்து இறுகிவிடும், அதை இறக்கிவிட்டுச் சக்கரங்களுக்கு மரக்கட்டை அண்டை கொடுத்தேன்.

மார்ச் முதல் கிழமை திறந்தோம். மெத்தை காய்ந்திருந்தது, பலகை அப்படியே இருந்தது, பின் மூலையில் அந்தப் பழைய ஒழுக்கின் கறை மட்டும் ஒரு கையளவு. அம்மா உள்ளே போய் மோந்து பார்த்துவிட்டு, புதுத் திரைச்சீலைக்கு ஜன்னலை அளக்க ஆரம்பித்தார்.